எண்ணூற்று நாற்பதாவது வரி

சிங்காரத்தின் சுகர் நோட்டைப் படிக்கிறவர்கள், திருத்தணியிலேயே அவரைப் போல வாயைக் கட்டிய மனிதர் கிடையாது என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். காலையில் இரண்டு இட்லி. மதியம் இரண்டு சப்பாத்தி, கீரை. நாலு மணிக்குச் சர்க்கரை போடாத டீ. ராத்திரி கேழ்வரகுக் கூழ். மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே. எண்பது பக்க நோட்டில் இனிப்பு என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை.

ஆனால் ஏழு நாள் விவரமும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது. அது காஞ்சனாவின் கண்ணுக்குத் தப்பவில்லை. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாகக் கணக்கு டீச்சர் அவள். எந்த வீட்டுப்பாடம் பஸ்ஸில் எழுதியது, எது பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியது என்று பக்கத்தைத் திருப்பும்போதே சொல்லிவிடுவாள். புருஷன் நோட்டு அவளுக்கு எம்மாத்திரம்?

"பாவா, புதன்கிழமை மத்தியானம் இன்னா சாப்பிட்டீங்க?"

சிங்காரம் அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்ட பாவா கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை.

"அதான் எழுதிக்கிறேனே, பாரு."

"கீரைன்னு எழுதியிருக்குது. புதன்கிழமை போட்டுகினு போன சட்டையில நெய்க் கறை இருக்குது."

"கீரையில நெய் ஊத்தியிருப்பாங்க."

"ஆர்.கே.பேட்டையில கீரைக்கு நெய் ஊத்தற ஓட்டல் எது? எனக்கும் சொல்லுங்க, நானும் வந்து சாப்பிடறேன்."

சிங்காரம் செய்தித்தாளை விரித்து அதற்குள் புகுந்துகொண்டார்.

அவருக்கு வயது நாற்பத்தைந்து. ஆர்.கே.பேட்டையில் எட்டு விசைத்தறி போட்டு லுங்கி நெய்துகொண்டிருந்தார். காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் போனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். சுகர் வந்து ஆறு வருடம், மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு மாறி மூன்று வருடம். ஒரே மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படித்ததால் வீட்டில் இரண்டே பேர்தான். காலையில் காஞ்சனா சிரிஞ்சைக் கொதிக்க வைப்பாள். சிங்காரம் பின்கட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே ஸ்பிரிட் விளக்கும் டெஸ்ட் டியூபும் ஒரு பாட்டில் நீலக் கரைசலும் இருந்தன. கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு என்று போய்க் கடைசியில் செங்கல் நிறம்.

"பச்சை!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். மூன்று வருடமாகப் பச்சைதான். காஞ்சனா கதவருகே வருவதற்குள் டியூபைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்.

அந்த ஏப்ரலில் அரக்கோணத்து டாக்டர் வீரபத்திரன் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூறு இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு கையிலும் நோட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நோட்டைப் பார்த்தா ஊசியைக் குறைக்கணும். ரத்தத்தைப் பார்த்தா ஏத்தணும். நான் எதைங்க நம்பறது?"

"நோட்டைத்தான் நம்பணும் டாக்டர்," என்றார் சிங்காரம். "ரத்தத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாதே."

டாக்டர் சிரித்துவிட்டார். காஞ்சனா சிரிக்கவில்லை.

பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது அதே வருடம் ஜூனில். 1987. சர்க்கார் திட்டத்தில் இரண்டு பெட்டிகள் கொடுத்தார்கள். டெலிவிஷன் மாதிரி ஒன்று, அதன் முன்னால் டைப்ரைட்டர் மாதிரி ஒன்று, பக்கத்தில் எழுதியதைப் பதிந்து வைக்க ஒரு டேப் ரெக்கார்டர். ஒரு பிரிண்டரும் வந்தது. அதற்கான ரிப்பன் வரவில்லை. தையல் வகுப்பு நடந்த அறையைக் காலி செய்து ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டு அவற்றைக் குடிவைத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற ஆயா கன்னியம்மாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரியையே திருப்பி அனுப்பிக் காலைக் கழுவிவரச் சொன்னவள்.

கணக்கு டீச்சர் என்பதால் காஞ்சனாவைப் பத்து நாள் பயிற்சிக்கு மெட்ராஸ் அனுப்பினார்கள். திரும்பி வந்தவளுக்கு அந்தப் பெட்டியின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. சொன்னதைக் கேட்கிறது. சொல்லாததைச் செய்வதில்லை. கேள்வி கேட்டால் செய்தித்தாளுக்குள் புகுந்துகொள்வதில்லை.

பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒவ்வொரு வரிக்கும் நம்பர் உண்டு. பத்து, இருபது, முப்பது என்று போகும். காஞ்சனா மாணவிகளுக்காக வட்டத்தின் பரப்பளவு போட்டாள், வட்டிக் கணக்கு போட்டாள். மூன்றாவது வாரம், இந்தப் பெட்டிக்கு ஏன் பாவாவின் கணக்கைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

அரக்கோணம் போய் டாக்டரைக் கேட்டாள். வீரபத்திரனுக்கு இந்த மாதிரி விஷயம் என்றால் உற்சாகம். காலை நிறம் மூன்று நாள் ஆரஞ்சுக்கு மேலே போனால் எத்தனை யூனிட் ஏற்றலாம், நீலமாகவே நின்றால் எத்தனை குறைக்கலாம், அதிகம் நடக்கிற நாளுக்கு என்ன செய்வது என்று ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

"இது ஒண்ணு முக்கியம் டீச்சர்," என்று கடைசி வரியின் கீழே கோடு போட்டார். "கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டறது, இதெல்லாம் வந்தா சர்க்கரை ரொம்ப இறங்கிப் போச்சுன்னு அர்த்தம். எந்த மாதிரி நாள்ல வருதோ, அந்த நாளுக்கு மட்டும் நாலு யூனிட் குறைச்சிடுங்க. அப்புறம், பெட்டி என்ன சொன்னாலும் என்கிட்ட காட்டிட்டுத்தான் போடணும்."

"கண்டிப்பாங்க."

மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதி முடித்தாள். அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்து வராது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினாள். ஒரு வாரத்தின் ஏழு நாளையும் ஒவ்வொன்றாக அது கேட்கும். நிறம் என்ன, என்ன சாப்பிட்டீர்கள், இனிப்பு உண்டா, எத்தனை, நடுக்கம் வந்ததா. முடிந்ததும் வரும் வாரத்துக்கு அட்டவணை காட்டும்: தறிக் கொட்டகைக்குப் போகும் நாளுக்கு இத்தனை யூனிட், வீட்டில் இருக்கும் நாளுக்கு இத்தனை, மலை ஏறும் நாளுக்கு இத்தனை. செவ்வாய்க்கிழமை தோறும் விடிந்ததும் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு இட்லி சாப்பிட்டு, சிங்காரம் படியேறி முருகனைப் பார்த்துவிட்டு வந்துதான் பஸ் பிடிப்பார்.

தலைமை ஆசிரியை ஞானம்மாள் சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. "உங்க வீட்டுக்காரர் நேரா கம்ப்யூட்டர் ரூமுக்கு வரணும், நேரா வெளிய போகணும். இது பெண்கள் பள்ளி."

முதல் சனிக்கிழமை சிங்காரம் சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதியோடு வந்தார். கன்னியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாங்க, பொண்ணு பாக்க வந்தா மாதிரி வர்றீங்க? செருப்பை அங்க வுடுங்க."

உள்ளே காஞ்சனா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி கேட்டது. சிங்காரம் பதில் சொன்னார். ஏழு நாளும் பச்சை. ஏழு நாளும் கீரை. இனிப்பு இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் காஞ்சனாவின் புருவம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. பெட்டி எதையும் சந்தேகிக்காமல் கடைசியில் இருபத்தாறு யூனிட் என்றது. ஏற்கெனவே போடுகிற அதே இருபத்தாறு.

"பாத்தியா? கம்ப்யூட்டரே சொல்லிடுச்சி," என்றார் சிங்காரம்.

"நீங்க சொன்னதைத்தான் அது சொல்லுது."

"நான் சொல்றதை நம்புதில்ல? உனக்கு அந்தக் குணம் இல்லியே."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டே போனாள் காஞ்சனா. மூன்று வாரம் மதிய இடைவேளையெல்லாம் உழைத்து, அந்த எண்பது பக்க நோட்டை இன்னொரு தரம் எழுதியிருக்கிறாள், கொஞ்சம் அதிக மின்சாரம் செலவழித்து.

அடுத்த சனிக்கிழமை பெட்டியை ஓட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

"நான் வெளிய உக்காந்துக்கறேன். நீங்களே டைப் அடிங்க. அட்டவணை வந்ததும் அதை மட்டும் இந்தத் தாள்ல எழுதிகினு வாங்க. நீங்க அடிச்சதெல்லாம் கேசட்டுல போயிடும். நான் பாக்க மாட்டேன்."

"பாக்க மாட்டியா?"

"பாக்க மாட்டேன்."

"முருகன் மேல?"

"முருகன் மேல."

சிங்காரம் தனியாக உட்கார்ந்தார். திரையில் கேள்வி வந்து நின்றது. காலை நிறம் என்ன? அவர் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. ஒற்றை விரலால் பச்சைக்கான எழுத்தைத் தேடினார். தேடிக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பெட்டியிடம் பொய் சொல்லி என்ன கிடைக்கப்போகிறது என்று ஒரு எண்ணம் வந்தது. ஆரஞ்சு என்று அடித்தார். பெட்டி, சரி என்றது. அடுத்த கேள்விக்குப் போனது.

இனிப்பு உண்டா? உண்டு. எத்தனை? ஒன்று என்று அடித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அழித்துவிட்டு நான்கு என்று அடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சரி, என்றது பெட்டி.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைவூட்டவில்லை. சுகரால் கால் விரலை எடுத்த மணவூர்க்காரர் கதையை ஆரம்பிக்கவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக நான்கு ஜாங்கிரியைக் கேட்டுவிட்டு ஒருத்தர் சும்மா இருந்தார். சிங்காரத்துக்கு நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல இருந்தது. ஏழு நாளையும் கொட்டித் தீர்த்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைக்காக அவர் காத்திருக்க ஆரம்பித்தார். மதியம் தறியை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு முன்கூட்டியே பஸ் ஏறிவிடுவார். பள்ளி கேட்டுக்கு வெளியே நின்று தலை வாரிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அரக்கோணம் போய் அட்டவணையில் டாக்டர் கையெழுத்தை வாங்கி வந்து பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டுவார்.

வெளியே ஸ்டூலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் காஞ்சனா.

"டீச்சர், உள்ள சிரிக்கற சத்தம் கேக்குது," என்றாள் கன்னியம்மாள் ஒரு நாள்.

"எனக்கும் கேக்குது."

"ஊட்ல சிரிப்பாரா?"

காஞ்சனா சாத்திய கதவைப் பார்த்தாள். பெட்டியை உருவாக்கியது யாரோ, அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தது இவள். சரி என்று சொல்லும்படி எழுதியவளும் இவளேதான். ஏதாவது ஒரு சொல் போடவேண்டுமே என்று போட்டது. அந்தச் சொல்லுக்காக ஒரு மனுஷன் தலை வாரிக்கொண்டு வருகிறான்.

கேசட் அவள் கைப்பையில்தான் இருந்தது. மேலே 'சிங்காரம் – சுகர்' என்று ஒட்டியிருந்தாள். ஒரு நாள் மதியம் அறையில் யாரும் இல்லாதபோது அதை எடுத்து டேப் ரெக்கார்டரில் போட்டாள். மூடினாள். விரலைப் பொத்தான் மேல் வைத்தாள்.

"பாத்துடுங்க டீச்சர்," என்றாள் கன்னியம்மாள், வாசலிலிருந்தே. "யாரு கேக்கப் போறாங்க?"

"முருகன் மேல சத்தியம் பண்ணிட்டேன், ஆயா."

"அவரு மலை மேல இருக்காரு. இங்க வரணும்னா செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரணும். வர்ற சத்தம் கேட்டா சொல்றேன்."

காஞ்சனா சிரித்துவிட்டாள். சிரித்ததில் விரல் விலகியது. கேசட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் நான்காவது சனிக்கிழமை சிங்காரம் எழுதிக் கொண்டுவந்த தாளில் ஒரு வித்தியாசம் இருந்தது. தறி நாளும் வீட்டு நாளும் இருபத்தெட்டுக்கு ஏறியிருந்தன. மலை நாள் மட்டும் இருபத்திரண்டாக இறங்கியிருந்தது.

"தப்பா எழுதிகினு வந்துட்டீங்களா?"

"பெட்டி காட்டினதைத்தான் எழுதினேன்." அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வேட்டியைச் சரிசெய்தார்.

ப்ரோகிராமில்தான் தப்பு என்று நினைத்தாள் காஞ்சனா. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். தானே ஒரு நோயாளியைக் கற்பனை செய்து, ஏழு நாளுக்கும் பதில் கொடுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. இன்னொரு நோயாளியைக் கற்பனை செய்தாள். அதுவும் சரி.

அடுத்த சனிக்கிழமை தறி நாள் முப்பது. மலை நாள் பதினெட்டு.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மொத்தம் எட்டு குறைந்திருக்கிறது. ஒரு தடவை நான்கு, மறு தடவை நான்கு. நிறம் நீலமாக நின்றால் இரண்டு குறையும், ஆனால் அப்போது தறி நாளும் இறங்கியிருக்கும். அதிகம் நடந்தால் இரண்டு குறையும். நான்கு குறைப்பதற்கு அந்த ப்ரோகிராம் முழுவதிலும் ஒரே ஒரு வரிதான் உண்டு. எண்ணூற்று நாற்பதாவது வரி. டாக்டர் கோடு போட்டுக் கொடுத்தது. கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டு.

பள்ளியை விட்டு இருவரும் வெளியே வந்தார்கள். சரவணப் பொய்கை வரை காஞ்சனாதான் முன்னால் நடந்தாள். குளக்கரையில் மொட்டையடித்துக்கொண்ட குடும்பம் ஒன்று சந்தனம் பூசிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் படியில் உட்கார்ந்தாள்.

"பாவா, உக்காருங்க."

அவர் ஒரு படி தள்ளி உட்கார்ந்தார்.

"மலைப்படியில உங்களுக்கு ரெண்டு தடவை மயக்கம் வந்துக்குது."

சிங்காரத்தின் முகம் கறுத்தது. "கேசட்டைப் பாத்துட்ட."

"பாக்கல."

"முருகன் மேல சத்தியம் பண்ண."

"பாக்கலன்னு சொல்றேன் இல்ல? கணக்குப் போட்டேன். எட்டு யூனிட் குறையணும்னா வேற வழியே கிடையாது. நான் எழுதின வரி, எனக்குத் தெரியாதா?"

சிங்காரம் குளத்தைப் பார்த்தார். தப்பிக்க அங்கே செய்தித்தாள் எதுவும் இல்லை.

"மயக்கம்னு இல்ல," என்றார். "கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். பாதிப் படி ஏறினதும் கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கும். அங்க ஒரு பொரிக் கடை இருக்குது. கல்கண்டு வாங்கி வாயில போட்டுகினு பத்து நிமிஷம் உக்காருவேன். சரியாப் போயிடும்."

"ரெண்டு தடவையா?"

"பெட்டி கேக்க ஆரம்பிச்சப்புறம் ரெண்டு தடவை."

"அதுக்கு முன்னால?"

"ஒரு... வருஷமா இருக்கும்."

காஞ்சனா வாரங்களை எண்ணினாள். ஒரு வருடமாகச் செவ்வாய்க்கிழமை காலையில் அவளே ஊசி போட்டு அனுப்பியிருக்கிறாள்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"மலை நாளுக்கு ஏன் இறங்குதுன்னு கேட்டாரு. சொன்னேன். ஊட்ல சொல்லுங்கன்னு போன வாரமே திட்டினாரு."

"பெட்டிக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். பொரிக் கடைக்காரருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது."

"உன்கிட்ட சொன்னா இன்னா சொல்லுவ? மலைக்குப் போகாதன்னு சொல்லுவ. தனியா பஸ் ஏறாதன்னு சொல்லுவ. தறியை மூடிட்டு ஊட்ல உக்காருன்னு சொல்லுவ."

சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் காஞ்சனா வாயெடுத்தாள். ஆனால் இவ்வளவு நேரம் உண்மை பேசிய மனுஷன் முன்னால் அது வரவில்லை.

"ஆங். சொல்லியிருப்பேன்," என்றாள்.

மொட்டைத் தலைக் குழந்தை ஒன்று குளத்தில் தன் முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதது. சிங்காரம் சிரித்தார். காஞ்சனாவும் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப இத்தனை நாள் நீங்க தின்ன இனிப்பெல்லாம் மருந்தாதானா? நான்தான் அநியாயமா சந்தேகப்பட்டேனா?"

சிங்காரம் யோசித்தார்.

"எல்லாமேன்னு சொல்ல முடியாது."

"பாதி?"

"பாதின்னும் சொல்ல முடியாது."

"கால்?"

"கல்கண்டு மட்டும்தான் மருந்து," என்று ஒப்புக்கொண்டார். "ஜாங்கிரி ஆசைக்கு."

அந்தச் செவ்வாய்க்கிழமை காஞ்சனா அரைநாள் லீவு போட்டுவிட்டு அவரோடு மலை ஏறினாள். ஊசியில் பதினெட்டு யூனிட்டுக்கு மேல் ஒரு சொட்டுகூட ஏறாமல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று தடவை பார்த்திருந்தாள். கைப்பையில் கல்கண்டு, குளுக்கோஸ் பொட்டலம், தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. ஒவ்வொரு பத்துப் படிக்கும் நின்று, "கை நடுங்குதா? காட்டுங்க," என்றாள். சிங்காரம் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். நடுங்கவில்லை. வேர்க்கவும் இல்லை.

பாதி வழியில் பொரிக் கடை வந்தது. கடைக்காரர் சிங்காரத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கல்கண்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உட்காருவதற்கு ஒரு சாக்கையும் தட்டிப் போட்டார்.

"இன்னிக்கி வாணாங்க," என்றார் சிங்காரம் கூச்சத்தோடு.

"யாருக்கு வாணாம்?" என்றாள் காஞ்சனா. அவளுக்கு மூச்சு இரைத்தது. பதினெட்டு வருடமாகக் கரும்பலகைக்கும் மேஜைக்கும் நடுவில் மட்டுமே நடந்தவள். சாக்கில் தொப்பென்று உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "கை நடுங்குதா, காட்டு," என்று சிங்காரம் குனிந்து கேட்டார். கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இதில் நோயாளி யார் என்று புரியாமல் பொரியை அளக்கப் போனார்.

டிசம்பரில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நூற்று அறுபத்தெட்டு. வீரபத்திரன் எழுந்து நின்று காஞ்சனாவிடம் கை கூப்பினார். அவரிடம் வருகிற இன்னும் மூன்று பேருக்கு அதே மாதிரி செய்துதர முடியுமா என்று கேட்டார். ஞானம்மாளிடம் அனுமதி கேட்கலாம் என்றாள் காஞ்சனா. "மூணு ஆம்பளைங்களா? அப்ப கஷ்டம்," என்றார் சிங்காரம். "ஒருத்தனுக்கே ஆயா அவ்ளோ கேள்வி கேக்கறாங்க."

ஜனவரியில் பெட்டி நின்றுபோனது. மின்சாரம் ஏறி இறங்கியதில் உள்ளே ஏதோ கருகிவிட்டது என்றார்கள். இன்னொரு பெட்டிக்காக எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில் ஏற்கெனவே சண்டை. ரிப்பேர் ஆள் மெட்ராஸிலிருந்து வர இரண்டு மாதம் ஆகலாம்.

அந்தச் சனிக்கிழமை சிங்காரம் வழக்கம் போல் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். காஞ்சனா ப்ரோகிராம் எழுதியிருந்த தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள்.

"எல்லா வரியும் இதுல இருக்குது. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. கூட்டல் கழித்தல் எனக்கு வராதா?"

"நீயா?"

"ஏன், நான் கேக்கக் கூடாதா?"

சிங்காரம் நாற்காலியில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை நிறம் என்ன என்று கேட்டாள். மஞ்சள் என்றார். எழுதிக்கொண்டாள். இனிப்பு உண்டா என்றாள். உண்டு என்றார். எத்தனை?

"மூணு."

காஞ்சனா எதுவும் சொல்லவில்லை. ஆனால் புருவம் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"இதோ. இப்படிப் பாத்தா எனக்கு வராது," என்று சிங்காரம் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க." அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாற்காலியில் கிடந்த செய்தித்தாளை எடுத்து விரித்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். தாளுக்குப் பின்னாலிருந்து பெட்டியின் குரலில், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் கேட்டாள்: "செவ்வாய்க்கிழமை. நடுக்கம் வந்ததா?"

"இல்லை."

"புதன்கிழமை. இனிப்பு உண்டா?"

"உண்டு. பள்ளிப்பட்டுல நூல் வாங்கப் போனேன். அங்க புதுசா ஒரு கடை திறந்துக்கறாங்க."

"எத்தனை?"

"ரெண்டு. பால்கோவா. சூடா."

செய்தித்தாள் அசையவில்லை. சிங்காரம் காத்திருந்தார். தாளுக்குப் பின்னால் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது.

"பாவா."

"ஆங்?"

"சூடாவேவா போட்டுத் தர்றாங்க?"

"இந்தக் கேள்வி ப்ரோகிராம்ல இல்லியே."

"இல்லதான்," என்றது செய்தித்தாள். "வர்ற புதன்கிழமை எனக்கு நூறு கிராம் வாங்கிகினு வாங்க. சரி, அடுத்தது. வியாழக்கிழமை, நிறம் என்ன?"